கலீல் பாய்க்குக் காய்ச்சல் இருந்தது

கலீல் பாய் இறந்துவிட்டார். இன்று காலை, வேலூர் ஆஸ்பத்திரியில்.

"திடீர்னு போய்ட்டாரு" என்று வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் போடுகிறார்கள். திடீரென்று எல்லாம் இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

தெரியாதவர்களுக்கு... ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் அவரும் நானும் டிரையர் ரூமில் வேலை. ஈரத் தோலை ஃபிரேமில் இழுத்து, கிளிப் மாட்டி, உள்ளே தள்ளுவோம். காய்ந்ததும் போய் எடுத்து வருவோம். உள்ளே அனல்.

நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டவன். சேர்ந்த முதல் நாளே கேட்டார்.

"எந்தப் பாடம்டா ஒதைச்சுது?"

"பிசிக்ஸ் தவிர எல்லாம் பாய். அது ஒண்ணுதான் வந்துச்சு. மீதி ஒரே பேஜார்."

"அப்போ இன்னிலேர்ந்து நீ பிசிக்ஸ்."

அவ்வளவுதான். கம்பெனியில் என் நிஜப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர் மகள் நஸ்ரின் பிளஸ் ஒன். அவளுடைய டவுட்டுகளை ஒரு துண்டுப் பேப்பரில் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவருவார். டீ டைமில் நீட்டுவார்.

"ஹீட்டும் இன்டர்னல் எனர்ஜியும் ஒண்ணுதானான்னு கேக்குறா. இன்னாடா சொல்றது?"

"ஒண்ணு இல்ல பாய். டீக்குள்ள இருக்கறது இன்டர்னல் எனர்ஜி. கிளாஸ்லேர்ந்து உங்க கைக்குத் தாண்டி வருது பாருங்க, அதுக்குப் பேருதான் ஹீட்."

"தாண்டி வந்து என் கையில உக்காந்துட்டா?"

"அப்புறம் அது உங்க இன்டர்னல் எனர்ஜி."

"அட! வாசல்ல நிக்கிற வரைக்கும் விருந்தாளி, உள்ள வந்து உக்காந்துட்டா வீட்டாளு. என் மாமியார் மாதிரி!"

டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தேன். மறுநாள் வந்து, "கரெக்ட்டாம்டா" என்று முதுகில் ஒரு அடி வைத்தார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் என்னிடம் கரெக்ட் என்று சொன்னதில்லை.

சரி... செவ்வாய்க்கிழமை.

டிரையர் ரூமில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இரண்டு நாளாக ஓடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து தடவை உள்ளே போய் வந்திருப்போம்.

"டேய் பிசிக்ஸ், தலை சுத்துதுடா. கொமட்டுது."

வெளியே கூட்டி வந்து தோல் கட்டின் மேல் சாய்த்தோம். சட்டை காய்ந்து கிடந்தது, துளி வேர்வை இல்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சூப்பர்வைசர், "ஜுரமா பாரு" என்றார். நான் நெற்றியில் கை வைத்தேன்.

"சூடே இல்ல சார். கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

"பிசிக்ஸே சொல்லிட்டான், அப்புறம் இன்னா" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தோம். பாயும் சிரித்தார்.

நான் மறுபடி உள்ளே போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் உருதுவில் என்னென்னவோ உளறிக்கொண்டிருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு ஓடினார். டாக்டர் கேட்டார், "எவ்ளோ நேரமா இப்படிக் கொதிக்குது?"

"இப்பதான் சார்" என்றேன். பொய்.

அவர் நெற்றியில் நான் வைத்தது அப்போதுதான் டிரையரிலிருந்து வெளியே வந்த கை. அவர் நெற்றி எவ்வளவு சூடோ, கையும் கிட்டத்தட்ட அவ்வளவு சூடு. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் ஹீட் எந்தப் பக்கமும் தாண்டாது. கைக்கு ஒன்றும் தெரியாது. இது பிளஸ் ஒன் பாடம். எனக்குத் தெரிந்த பாடம்.

பத்தடியில் குழாய் இருந்தது. கையைக் கழுவிவிட்டுத் தொட்டிருக்கலாம். அதே தண்ணீரை அவர் மேல் ஊற்றியிருக்கலாம்...

இன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம் செய்தோம். அதற்கு முன்னால், அவர் வீட்டு வாசலில் நஸ்ரின் என்னைப் பார்த்ததும் வந்தாள்.

"அண்ணா, அப்பாக்குக் காலையிலேயே ஜுரம் இருந்துச்சா? நாங்கதான் கவனிக்காம அனுப்பிட்டோமா? அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழறாங்க."

"தெரியலம்மா."

அது இரண்டாவது பொய்.

நஸ்ரின், வீட்டிலிருந்து வரும்போது உன் அப்பா நன்றாகத்தான் இருந்தார். எங்களை எல்லாம் கிண்டலடித்துக்கொண்டேதான் வந்தார். கம்பெனியில்தான் சூடு ஏறியது. தொட்டுப் பார்த்து இல்லை என்று சொன்னவன் நான். உங்கள் வீட்டில் யார் மேலும் தப்பு இல்லை.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. நாளைக்குக் காலையில் நேரிலும் வந்து சொல்கிறேன். என்ன திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

கம்பெனி ஆட்கள் போஸ்ட்டை எடுடா என்று போன் செய்யாதீர்கள். எடுக்க மாட்டேன்.

அடக்கத்தில் ஆளுக்கு மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன்.

சலாம், பாய்.