ஆடியில் கேட்கப் போன வேலை

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் தலையில் எண்ணெய் வழிய மாடிப்படியில் உட்கார்ந்து போனையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசி ரவுண்டு இண்டர்வியூ முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கம்பெனிக்கு ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போட்டிருக்கிறாள். படித்துக் காட்டினாள். கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்ததாம். அதில் ஒரு வார்த்தைகூட அவள் வாயில் வருகிற வார்த்தை இல்லை.

"ஞாயித்துக்கெழமை எவன் கண்ணு பதில் போடுவான்?" என்றேன்.

"திங்கக்கெழமையும் போட மாட்டாங்கம்மா. வேணும்னா கூப்பிடுவாங்க, வேண்டாம்னா சொல்லவே மாட்டாங்க. அதெல்லாம் அப்படித்தான்" என்றாள்.

அவளுக்கு அது அப்படித்தான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தேங்காயெண்ணெய் வாசம். அந்த வாசம் மூக்கில் ஏறினால் போதும், நான் நேராகக் காங்கேயம் போய்விடுவேன், பஸ்ஸே வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் களம் களமாகக் கொப்பரை காயும். லேசான இனிப்பும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த ஒரு வாசம். துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் நான் பெட்டியைத் திறந்தாலே, "காங்கேயம் வந்தாச்சு" என்று சிரிப்பார்கள். என் சித்தப்பா அங்கே எண்ணெய் ஆலை வைத்திருந்தார். தங்கமான மனுஷன். படிப்பு முடிந்து நான் வீட்டில் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டு, ஆலையில் கணக்கெழுத வரச் சொன்னார். "வெளியாளுக்குக் குடுக்கற சம்பளத்த ஊட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டுப் போறேன். ஆடி போவட்டும், ஆவணி மொத முகூர்த்தத்துல வந்து உக்காந்துக்க கண்ணு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் படித்தது டிராயிங். ஒரு பம்பைக் குறுக்கே வெட்டினால் உள்ளே என்னென்ன எங்கெங்கே இருக்கும் என்று வரைவேன். அதில் அப்படி ஒரு கிறுக்கு எனக்கு. அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் வாழ்நாளில் இன்னொரு கோடு போட முடியாது என்று தோன்றிவிட்டது. ஆலையில் சேர்ந்த யாரும் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இதற்கு நடுவில்தான் சரவணம்பட்டியில் ஒரு பம்பு கம்பெனியில் இண்டர்வியூ. அப்போது அங்கே இவ்வளவு கண்ணாடிக் கட்டடம் ஏது? ரோட்டை விட்டு இறங்கினால் சோளக்காடு. கடைசிக் கட்டமாக முதலாளியே உட்கார்ந்து கேட்டார். என்னை ஒரு படம் வரையச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்லதுங்க அம்மணி, சொல்லி அனுப்பறமுங்க" என்றார். அது ஆனிக் கடைசி.

அதோடு சரி. ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பத்தில் நான் கொடுத்த நம்பர் எது தெரியுமா? சித்தப்பாவின் ஆலை நம்பர்! எந்த ஆலையிலிருந்து தப்பிக்க வேலை தேடினேனோ அதே ஆலைக்குத் தினமும் போய், "ஏனுங் சித்தப்பா, போனேதாச்சும் வந்துச்சுங்களா?" என்று நிற்பேன். அவர் பாவம், "வல்லியே கண்ணு" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அந்த நாற்காலியைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

ஆடி பாதி தாண்டியதும் பொறுக்க முடியவில்லை. "நேர்லயே போயிக் கேட்டுட்டு வந்தரலாமுங்கப்பா" என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன். அப்பா கிளம்பினார். கிளம்பும்போது ஒரு பெரிய பை நிறையத் தேங்காய்.

"இதென்னத்துக்குங்கப்பா? லஞ்சம்னு நெனைப்பாங்க."

"தேங்காய்க்கு எவனாச்சும் வேலை குடுப்பானா? ஒருத்தர் எடத்துக்கு வெறுங்கைய வீசிட்டா போறது?"

சிங்காநல்லூரில் இறங்கி, காந்திபுரம் போய், சத்தி ரோட்டு டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி எங்களைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடின மாதிரி இருந்தது. ஆனாலும், "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று காப்பி வரவழைத்தார்.

"உங்க பக்கம் மழையெல்லாம் எப்படிங்க?"

"எங்கீங்க, தூத்தலப் போட்டுட்டுப் போயிருச்சு."

மழை முடிந்து கிணற்றுத் தண்ணீர். கிணறு முடிந்து போர். போர் முடிந்து மாடு. இவர் பொலிக்கு விடுகிற ஒரு பூச்சிக் காளையைப் பற்றிச் சொன்னால் அவர் ஒரு மயிலைக் காளையைப் பற்றிச் சொல்கிறார். காங்கேயம் மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது நிற்குமா? நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறேன். இதோ கேட்பார், இதோ சொல்வார் என்று பார்த்தால், அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நாங்க வாரமுங்க" என்கிறார்! முதலாளியும் கைகூப்பி, "நல்லதுங்க, பாத்துப் போங்க" என்கிறார். கொடுமையே!

கேட்டைத் தாண்டியதும் வெடித்தேன். "கேக்கவே இல்லீங்களே!"

"அவரா ஒரு வார்த்தை எடுக்கோணுமில்ல அம்மணி? எடுக்கல. அப்படீன்னா இல்லைன்னுதான் அர்த்தம். நாம கேட்டு, அவரு வாயால இல்லைன்னு சொல்ல வெச்சா மனுசனுக்குச் சங்கடமாப் போயிராதா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பிழைப்பே போகிறது, இவர் அந்த ஆளின் சங்கடத்தைப் பார்க்கிறார்! பஸ் வந்தது. அப்பா ஒரு காலைப் படியில் வைத்தார். நான் ஏறவில்லை. திரும்பி விறுவிறுவென்று நடந்தேன். பின்னால் அப்பா கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாத மாதிரியே போனேன்.

கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை. முதலாளி அதே நாற்காலியில் இருந்தார்.

"ஏனுங்க, எனக்கு இங்க வேலை உண்டுங்களா, இல்லீங்களா? நேரா சொல்லிப் போடுங்க."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க வேலை வேண்டாம்னு சொல்லத்தானுங்க வந்தீங்க?"

"ஆருங்க சொன்னாங்க?"

"இதென்னுங்க அம்மணி! அப்பாவையும் கூட்டிக்கிட்டு, பை நெறையத் தேங்காயும் கொண்டாந்து வெச்சா வேற என்னன்னு நெனைக்கறது? வேண்டாம்னு சொல்ல வர்றவங்கதான் இப்படி வருவாங்க. சொல்றதுக்குப் பெரியவரு சங்கடப்படறாரேன்னு நானா மாட்டப் பத்திப் பேசிட்டு இருந்தனுங்க!"

"அப்ப வேலை?"

"உங்களுக்குத்தானுங்க. ஆடியில எப்படிச் சொல்றதுன்னு ஆவணி பொறக்கட்டும்னு இருந்தமுங்க. அது தெரிஞ்ச சங்கதிதானுங்களே?"

எனக்கு அந்த நிமிஷம் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மூச்சு விட்டேன். ஆனியிலிருந்து அடைத்து வைத்திருந்த மூச்சு அது. நன்றி சொன்னேனா என்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. ஓடினேன்.

அப்பா பஸ்ஸை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கேட்டே போட்டயா!" என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். அப்புறம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த கை சீக்கிரம் கீழே இறங்கவில்லை. "உங்க சித்தப்பங்கிட்ட நான் பேசிக்கறேன். அந்தக் கல்லாவுல உன்ன உக்கார வெக்கறதுக்கு எனக்கும் மனசில்ல கண்ணு" என்றார். அதுவரை அவர் அப்படி ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னதில்லை. அன்றைக்குக் காந்திபுரத்தில் இறங்கி ஆளுக்கு ரெண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். என்ன ருசி!

அந்தக் கம்பெனியில் வெகுகாலம் இருந்தேன். முதலாளி அப்படி நினைத்ததில் அதிசயமே இல்லை என்று அங்கே இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோபிப் பக்கமிருந்து ஒரு பையன், வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல, அம்மாவோடும் ஒரு தார் வாழைப்பழத்தோடும் வந்தான். அந்தம்மா, "தப்பா நெனைச்சுக்காதீங்க சாமி" என்று கண் கலங்கிவிட்டார். முதலாளியும் யாரையாவது எடுக்கவில்லை என்றால் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, தன் வாயால்தான் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிடும்.

இப்போது நானும் ஆள் எடுக்கிற நாற்காலியில் இருக்கிறேன். வருகிறேன் என்று சொன்னவர்கள், சேர வேண்டிய நாளில் போனை அணைத்துவிடுகிறார்கள். நாங்களும் வேண்டாதவர்களுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. யாருக்கும் யார் முன்னாலும் வேர்ப்பதில்லை. அன்றைக்கு அந்த மனுஷன் என்னைப் பற்றித் தப்பாக நினைத்தாரே, அந்தத் தப்பை இன்றைக்கு ஒருத்தர் செய்ய முடியுமா சொல்லுங்கள்? வேண்டாம் என்று சொல்வதற்காக எவர் பஸ் ஏறி வருகிறார்?