கட் பண்ணாதீங்க பாய்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் ஊரான அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா வந்து, பஸ் மாறிப் போய், பையை மேஜையில் வைப்பதற்குள் இன்டர்காம் அடிக்கும். பெரும்பாலும் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர்தான்.

"மேடம், ஃபைல் தொறக்கல. பர்மிஷன் இல்லன்னு வருது. மிஷின் சும்மா நிக்குது."

எங்கள் டிசைன் அறையில் ஷூவின் பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் வரைவார்கள். வரைந்ததை சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டரில் போட்டால், கட்டிங் பிரிவு அதைத் திறந்து தோல் வெட்டும் மிஷினுக்கு அனுப்பும். இரண்டு பிரிவும் திறக்கும்படி அந்த ஃபோல்டரை அமைத்தது நான்தான். ஃபோல்டர் திறக்கும். பழைய ஃபைல்கள் திறக்கும். புதிதாக வந்தது மட்டும் திறக்காது. நான் போய் அந்த ஒன்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த மாடல் வந்ததும் மறுபடி போன்.

மேனேஜருக்கும் அலுத்துப்போனது.

"இன்னாம்மா இது, தெனம் பேஜாரு? சர்வர்ல எல்லாத்தையும் எல்லாருக்கும் தொறந்து உட்டுடு."

"யாராவது தெரியாம அழிச்சிட்டா சார்?"

"யாரு அழிக்கப் போறா? உட்டுடும்மா."

திறந்துவிட்டேன். அந்த வாரமே பேட்டர்ன்கள் இருந்த பொது ஃபோல்டர் காணாமல் போனது. பாதி நாள் தேடினோம். பேக்கிங் பிரிவில் யாரோ மவுஸை இழுத்ததில், அது அட்டைப்பெட்டிப் படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் என்னிடம் வந்தார்.

"இதையெல்லாம் யாரும்மா தொறந்து உட்டது?"

அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டினேன். பழைய தொல்லையும் திரும்பியது. கடைசியில் டிசைன் அறையில், பேட்டர்ன் வரையும் பாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் சொந்த ஃபோல்டரில் வரைந்தார். அதை அவர் மட்டும்தான் திறக்க முடியும். வேலை முடிந்ததும் கட் செய்து பொது ஃபோல்டரில் பேஸ்ட் செய்தார்.

அங்கேதான் கோளாறு. ஒரே டிஸ்க்குக்குள் ஒரு ஃபைலை கட் செய்து நகர்த்தினால், அது பழைய இடத்தின் அனுமதியோடேயே போகும். காப்பி செய்தால்தான் புது இடத்தின் அனுமதி கிடைக்கும்.

"பாய், கட் பண்ணாதீங்க. காப்பி பண்ணிப் போடுங்க."

"காப்பி பண்ணா ரெண்டு எடத்துல இருக்குமேம்மா. ஒண்ணுல திருத்துவேன், இன்னொண்ணுல பழசே கெடக்கும். அத வெச்சித் தோல வெட்டிட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"காப்பி பண்ணிட்டுப் பழச அழிச்சிடுங்க பாய்."

"சரிம்மா, அப்டியே பண்றேன்."

கொஞ்ச நாள் செய்தார். பிறகு மறுபடி போன். ஓடினேன்.

"கை பழகிடுச்சிம்மா, இன்னா பண்றது" என்று சிரித்தார். அவர் மானிட்டர் ஓரத்தில் 'கட் வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். அது பாட்டுக்கு ஒட்டியபடியே இருந்தது. அவர் பாட்டுக்கு கட் செய்துகொண்டிருந்தார். மேனேஜரிடம் சொன்னால், "அவரு பெரியவரு, நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றார்.

அன்று சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. மனிதர்களைத் திருத்தும் ஆசையை விட்டுவிட்டு, பாயின் சொந்த ஃபோல்டரை சர்வரின் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினேன். ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு கட் செய்தால், கம்ப்யூட்டரே காப்பி எடுத்துவிட்டுப் பழையதை அழித்துவிடும். புது இடத்தின் அனுமதியும் தானாக வந்துவிடும். அவர் திரையில் அதே பெயர், அதே இடம். யாரிடமும் சொல்லவில்லை.

புகார் நின்றது. பல மாடல்கள் தடையில்லாமல் ஓடின. ஒருநாள் டீ இடைவேளையில் பாய் என்னைக் கூப்பிட்டார். கட்டிங் சூப்பர்வைசரும் கூட நின்றார்.

"பாத்தியாம்மா? நான் பழையபடி கட் பண்ணித்தான் போட்றேன். எல்லாம் ஒழுங்காத் தொறக்குது. உன் சர்வர்லதான் ஏதோ கோளாறு இருந்திருக்கு."

"அதான் பாய், நானும் அப்பவே நெனச்சேன்" என்றார் சூப்பர்வைசர்.

வாயைத் திறந்தேன். டிஸ்க், அனுமதி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாய் மறுபடி ஏதாவது நியாயமாகக் கேட்பார்.

"ஆமா பாய்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன். சாயங்காலம் வரை ஆற்றாமை தீரவில்லை.