அத்தையின் காலடி மண்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும், யார் கண் பட்டது என்று கண்டுபிடித்த பிறகுதான் என்ன கெட்டது என்றே பார்ப்பார்கள். அந்த வருஷம் கெட்டது குதிரை.

அப்பாவுக்கு ஆமத்தூரில் குதிரை வண்டி. சிவகாசிக் கம்பெனிகளிலிருந்து தீப்பெட்டி பண்டல்களை ஏற்றி ரயிலடியில் இறக்குவார். பழைய குதிரை தளர்ந்துவிட்டதென்று, இருந்த ஒரு துண்டு கரிசலையும் விற்றுப் புதுக் குதிரை வாங்கியிருந்தார். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. அது படுத்தால் வீடே படுத்துவிடும் என்பது எனக்குக்கூடத் தெரியும்.

குதிரையைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லாதவள். அதன் முகத்தைப் பிடித்துத் திருப்பி, காதை மடக்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "ஏலே தம்பி, ராசா கணக்கா இருக்கான். காதுக்குள்ள உண்ணி அப்பிக் கெடக்கு பாரு. எடுத்து விடு" என்றாள். உண்ணி இல்லாத குதிரை எங்கே இருக்கிறது என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அத்தை பார்த்த பார்வையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் குதிரை கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. உடம்பு கொதித்தது. ஈறு மஞ்சள் பூத்தது. மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போனது. வண்டிப் பலகையில் சிந்திய தீக்குச்சி மருந்தை நக்கியிருக்கும் என்று அப்பா குடம் குடமாய் மோர் புகட்டினார். அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

கண் கழிக்க, கண் வைத்தவர்களின் காலடி மண் வேண்டும். உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். எங்கள் லாயத்தை ஒட்டிப் பண்டல்கள் அடுக்கியிருந்ததால் நெருப்புக்கு வழியில்லை. தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். மண்ணெடுக்க என்னை அனுப்பினாள். பெண்பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்துக்கொள்வார்களாம்.

அத்தை வாசலில் குனிந்து மண்ணைச் சுரண்டும்போது அவளே வெளியே வந்துவிட்டாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். ஈர மண்ணில் வலது காலை அழுத்தி ஊன்றி எடுத்தாள்.

"இதுல அள்ளிக்கோ தாயி. அந்தச் சீவன் எந்திரிச்சாப் போதும்."

குதிரை எழுந்துவிட்டது. அதுதான் கஷ்டகாலம். செத்திருந்தால் மருந்தை நக்கியதால் என்று போயிருக்கும். மண்ணைக் கரைத்து ஊற்றிய பிறகு எழுந்ததால், கண் அத்தையுடையதுதான் என்று ஊருக்கே உறுதியாகிவிட்டது. அவளுக்கும்.

உண்ணி கடித்து ரத்தத்துக்குள் ஒரு கிருமி போகும், அது ரத்தத்தை உடைக்கும், மூத்திரம் கறுக்கும், சில குதிரைகள் தானாகவே தேறிவிடும் என்று ஒரு மாட்டு டாக்டர் எனக்குச் சொன்னபோது எனக்கு நரை விழுந்திருந்தது. அன்று அந்தக் குதிரையைச் சரியாகப் பார்த்தவள் அத்தை ஒருத்திதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள்.

நான் பெரியவளானபோது அத்தைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது அவள் முறை. முதல் ஆளாக வந்தாள். பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீரை மொண்டவள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊற்றிய தண்ணீரில் பாதி என் தோளில் விழுந்தது, மீதி தரையில். பெண்கள் சிரித்தார்கள். "அத்தை, என்னையப் பாத்து ஊத்துங்க" என்றேன். அவள் திரும்பவே இல்லை.

அந்தக் காலடி மண்ணுக்காக என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டே நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளையில்லாத அவளுக்குத் தம்பி மகளான நான்தான் மகள், அந்த மகள்மேல் தன் கண் பட்டுவிடக் கூடாதென்று பயந்து நின்றாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.