தெரிந்தவர் மூலம் போனோம்

முதலில் கெட்டது ஞாபகம் அல்ல, நடை. என் கணவர் பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தார். மில்லில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். முட்டித் தேய்மானம் என்று நானே முடிவு கட்டித் தைலம் தடவினேன். பிறகு மறதி வந்தது. பிறகு வேட்டி நனைந்தது.

அப்போதுதான் எங்கள் மகள் தேன்மொழிக்குச் சம்பந்தம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் ஒரு மருத்துவமனையில் ஊழியர். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் உள்ளே தெரிந்தவர் இருக்கிறாரா என்றுதானே நாம் முதலில் கேட்போம்? அவர் வரிசையில் நின்ற ஜனங்களைத் தாண்டி எங்களை நேரே உள்ளே கூட்டிப் போனார். எனக்கு ஒரே பெருமை. ஆனால் அவர் வெளியே போகவில்லை. டாக்டர் மேசைக்குப் பக்கத்திலேயே கைகட்டி நின்றார்.

"தெரியாம யூரின் போயிடுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார்."

"ஆளுங்க பேரு மறக்குறாரா?"

"வயசாயிடுச்சு இல்ல சார், கொஞ்சம் மறதி. அவ்ளோதான்."

அன்று காலையில்தான் மூன்று வேட்டிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். சேதி சம்பந்தி வீட்டுக்குப் போனால் கல்யாணம் நின்றுவிடும். டாக்டர் சத்து மாத்திரையும் முட்டிவலி மாத்திரையும் எழுதினார். நான் சொன்ன நோய்க்குச் சரியான மருந்துதான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மகள் தன் அப்பா காலில் விழுந்தபோது, "யாரு வூட்டுப் பொண்ணு இது?" என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் தமாஷ் என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, அவரால் எழுந்து நிற்கவே முடியாதபோது, வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். வேறொரு டாக்டர், பெண். ஸ்கேனைப் பார்த்து 'மூளைநீர்த் தேக்கம்' என்றார் (மூளைக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் தேங்குவது, நடை, ஞாபகம், சிறுநீர்க் கட்டுப்பாடு மூன்றையும் கெடுக்கும்). மறதி நோய்களில் அறுவை சிகிச்சைக்கு மசியக்கூடிய சிலவற்றில் இதுவும் ஒன்றாம். சீக்கிரம் கண்டுபிடித்தால்.

"எப்பலேந்தும்மா யூரின் போவுது?"

சொன்னேன்.

"அப்பவே ஏன் காட்டல?"

காட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள் (தேங்கும் நீர் வடிவதற்கு). "நடை வந்துடும்மா. ஞாபகம் வருமான்னு சொல்ல முடியாது, லேட் ஆயிடுச்சு," என்றார் டாக்டர். அப்படியே ஆனது. ஜோராக நடக்கிறார். எங்கே போகிறோம் என்பதுதான் தெரியாது. போன மாதம் சாரம் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தனியாக உழவர்கரை வரை போய்விட்டார். இப்போது கேட்டைப் பூட்டியே வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தெரிந்தவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். வாய் வரவில்லையென்றால் ஒரு காகிதத்தில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். நனைந்த துணியையும் எழுதுங்கள்.

எனக்கு இப்போது உடம்பெல்லாம் காது. தாளிக்கும் சத்தத்திலும் அவர் காலடி கேட்கிறது. நாள், கிழமை எல்லாம் போய்விட்டது. அவர் உட்கார்ந்திருக்கும் நேரம், நடக்கும் நேரம் என்று இரண்டுதான் மிச்சம்.

நேற்று கேட்டைப் பிடித்துக்கொண்டு, அந்நியப் பெண்ணிடம் பேசும் மரியாதையோடு என்னிடம் சொன்னார்: "கொஞ்சம் தொறங்கம்மா. என் பொண்டாட்டி உள்ள டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லினு இருக்கா. அவ சொல்லிட்டான்னா எனக்குச் சரியாயிடும்."

நான் பூட்டைத் திறக்கவில்லை.