ஒன்றேகால் கிலோ

அத்தையின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வீடு கொள்ளாத கூட்டம். பிரசவ வார்டில் முப்பத்தைந்து வருடம் நர்சாக இருந்தவர் அவர். வந்திருந்த சொந்தங்களில் பாதிப் பேரை முதன்முதலில் கையில் வாங்கியதே அவர்தான். இப்போது பெயர்களெல்லாம் மறந்து போச்சு. ஆனால் யார் எத்தனை கிலோவில் பிறந்தார்கள் என்பது மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"மூணேகால் வந்துட்டாளா? ஏய் ரெண்டரை, நீ சாப்பிட்டியா?"

அத்தையின் அண்ணன் மகன், லாரி ஓட்டுபவன், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான். தொண்ணூறு கிலோ உடம்பு, பளபளக்கும் வழுக்கை.

"வாடா, ஒண்ணேகால் கிலோ!"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

அவன் குறைமாதத்தில் பிறந்தவன். தராசு முள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்க, அழுதுகொண்டிருந்த அவன் அம்மாவிடம், "கூடிட்டே வருது அண்ணி" என்று அத்தை தினமும் கூசாமல் புளுகினாராம். "அந்தப் பொய்யக் குடிச்சுத்தான்டா நீ பொழச்சே" என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மொட்டை மாடிக்குக் கிளம்பினார்கள். அத்தையால் படி ஏற முடியவில்லை. அவன் இரண்டு கையாலும் அவரைத் தூக்கினான். உள்ளே ஆளே இல்லாத புடவை மாதிரி இருந்தது.

"ரொம்ப இளைச்சுட்டேனாடா?"

"இல்ல அத்தை. கூடிட்டே வருது."

அத்தை அவன் வழுக்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போடா. அது என் பொய்."