மூன்றாவது கம்பத்துப் படம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூச்சக்கா. எக்ஸ்ரே அறையில் இருபத்தோரு வருஷமாக ஒரே வசனத்தைப் பேசுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? "மூச்சை நல்லா இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க... ம், விடலாம்." அவளுடைய கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகளை ஓடவிட்டு மூச்சு வாங்க வைப்பது அவர் தொழில், அடக்கச் சொல்வது இவள் தொழில், இந்தக் குடும்பம் எப்படித்தான் நடக்கிறதோ என்று ரத்தம் எடுக்கிறவர் கேலி செய்வார்.

அந்த ரத்தம் எடுக்கிறவர்தான் இப்போது வினையைக் கிளப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் தயாராகிக்கொண்டிருந்தது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் சுவர் நிறைய ஒரு படம் மாட்ட வேண்டும், கடையில் வாங்குவதைவிட நம் ஆட்கள் யாராவது எடுத்ததாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். மூச்சக்கா லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் கொடுத்த அருவிப் படத்தைப் பார்த்ததும் பெரிய டாக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. படம் ஆளுயரத்துக்கு அச்சாகி வந்து மாட்டியும் ஆகிவிட்டது. புதன்கிழமை திறப்பு. அவள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் பாக்கி.

மகள் கல்லூரி முழுக்கச் சொல்லிவிட்டாள். யாரையும் லேசில் பாராட்டாத பெரிய மச்சினர்கூட போன் பண்ணினார். கேட்டவர்களுக்கெல்லாம் மூச்சக்கா ஒரே கதையைத்தான் சொன்னாள்: விடியுமுன் போனேன், நாலு மணி நேரம் கால் கடுக்க நின்றேன், எடுத்தேன்.

சனிக்கிழமை காலை ரத்தம் எடுக்கிறவர் டீ டம்ளரோடு படத்தின் முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதை நான் எங்கயோ பார்த்திருக்கேன்."

"பார்க்காம என்ன? அந்த அருவியை எடுக்காத ஆளே கிடையாது."

"அருவியைச் சொல்லலக்கா. இந்தக் குருவியைச் சொல்றேன்."

பாறை நுனியில் இரண்டு வெள்ளைப் பறவைகள். ஒன்று கழுத்தை வளைத்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அவர் போனில் தேடி எடுத்து நீட்டினார். அதே பாறை, அதே சாரல் வளைவு, அதே முறிந்த கிளை. அதே பறவை அதே மாதிரி கழுத்தை வளைத்திருந்தது. கீழே வேறு யாரோ ஒருவருடைய பெயர். 

ரத்தம் எடுக்கிறவர் கெட்டவர் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"எனக்கு உங்க மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா நாளைக்கு எவனாவது வந்து 'இது என் படம்'னு நின்னா நான்தானே பதில் சொல்லணும்? திங்கட்கிழமை ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டிடுங்க."

"சரி சார்," என்று சொல்லி வெளியே வந்தாள். அன்று ஒருவரின் இடது முழங்காலுக்குப் பதில் வலது முழங்காலை மேஜையில் நீட்டச் சொன்னாள். அவரே சிரித்துக்கொண்டு மாற்றி நீட்டினார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரிஜினல் பத்திரமாக இருந்தது. அவள் கேமராவின் எண், தேதி, காலை ஏழு நாற்பத்திரண்டு என்று நேரம், எல்லாம் துல்லியமாக இருந்தன.

கணவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அப்புறம் என்ன? நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போய்க் காட்டு. எவனோ உன் படத்தைச் சுட்டிருக்கான்."

அவளும் நெஞ்சை நிமிர்த்தத்தான் பார்த்தாள். ஆனால் கை சும்மா இருக்காமல் அதற்கு முந்தைய படத்தைத் திறந்தது. ஏழு பத்துக்கு எடுத்தது: பத்துப் பன்னிரண்டு முதுகுகள், நடுவே ஒரு கீற்றுத் தண்ணீர். அடுத்த படத்தைத் திறந்தாள். ஏழு ஐம்பதுக்கு அதே முதுகுகள். இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரே ஒரு படம் மட்டும் திறந்த வெளியில் நின்று எடுத்ததாக இருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அந்தப் பாறையே தெரியாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்தது என்ன, இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது, இப்போது உள்ளே வந்தது.

அருவிக்கு எதிரே ஒரு குறுகிய மேடை. அதன் கம்பி வேலியில் மூன்றாவது கம்பத்தருகே நின்றால்தான் அருவி முழுசாகத் தெரியும். அங்கே ஒரு ஆள்தான் நிற்க முடியும். அதனால் படம் எடுக்க வருகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: பின்னால் நிற்பவர் கேமராவை முன்னால் நிற்பவரிடம் கொடுத்து, "எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்பார். அன்று அவளும் தனக்கு முன்னால் நின்ற நீலத்தொப்பிக்காரரிடம் கொடுத்தாள். கேமரா போயிற்று, கொஞ்ச நேரத்தில் ஈரத்தோடு திரும்பி வந்தது. அப்புறம் அவள் முதுகுகளையே நாற்பது படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் உருப்படியாக இருந்தது அந்த ஒன்றுதான். நாலு மணி நேரம் நின்றது உண்மை. மிச்சக் கதை சொல்லிச் சொல்லி அவளுக்கே உண்மையாகிவிட்டது.

யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசு ஒரு பக்கம் பூசி மெழுகியது. கேமரா உன்னுடையது, எண் உன்னுடையது என்றது. அந்த எண்தான் அவளைச் சுட்டது. எக்ஸ்ரே எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஈயத்தில் செய்த சின்ன எண் உண்டு. படத்தின் ஓரத்தில் அதை வைத்துத்தான் எடுப்பார்கள், யார் எடுத்தது என்று தெரிவதற்காக. அவளுடையது பதினேழு. மூன்று வருஷத்துக்கு முன் புதிதாய்ச் சேர்ந்த பெண் அவசரத்தில் பதினேழை வைத்து ஒரு தோள்பட்டையை எடுத்துவிட்டாள். மூச்சக்கா கத்திய கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "நான் எடுக்காத படத்துல என் நம்பர் எப்படி வரும்?" அந்தப் பெண் அழுதேவிட்டாள். இந்தக் கேள்வி இப்போது அவளிடமே திரும்பி வந்து நின்றது.

ஞாயிறு காலை நீலத்தொப்பிக்காரருக்குப் போன் பண்ணினாள். ரத்தம் எடுக்கிறவர் காட்டிய படத்தின் கீழே இருந்த பெயரைத் தேடிப் பார்த்தபோது அதே நீலத்தொப்பியோடு அவர் முகமும் போன் எண்ணும் கிடைத்திருந்தன. திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"நான் எங்கம்மா எடுத்தேன்? எனக்கு முன்னாடியும் பத்துப் பேர் நின்னாங்கல்ல? உங்களதையும் சேர்த்து ரெண்டையும் முன்னால குடுத்தேன். யாரு அமுக்கினாங்களோ!"

"அப்ப உங்க பேரைப் போட்டிருக்கீங்களே?"

"கேமரா என்னுதுதானேம்மா," என்றார் அவர், கொஞ்சம் சுருதி இறங்கி.

அவள் பஸ் பிடித்து அருவிக்கே போனாள். மூன்றாவது கம்பத்தருகே, சங்கிலிக்கு அந்தப் பக்கம், காக்கி மழைக்கோட்டு போட்ட காவலாளி நின்றிருந்தார். முன்பு எவனோ எட்டிப் பார்க்கப் போய் விழ இருந்ததிலிருந்து அந்த இடத்தில் அவரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லையாம். வரிசையில் கேமராக்கள் கைமாறிக் கைமாறி அவரிடம்தான் போய்ச் சேர்ந்தன. வாங்குவார், ஒரு சொடுக்கு, திருப்பிக் கொடுப்பார். போனில் ஊரெல்லாம் பார்க்கும் அத்தனை அருவிப் படத்தையும் எடுத்த ஒற்றை ஆள் இருமிக்கொண்டு அங்கே நின்றார். அவருக்குச் சொந்தமாக ஒரு கேமரா கிடையாது.

வரிசை ஓய்ந்ததும் போனில் தன் படத்தைக் காட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இப்படித்தான் வருதா? நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லம்மா. குடுத்ததும் வாங்கிட்டுப் போயிடுவாங்க."

"எப்படிங்க இவ்வளவு தெளிவா எடுக்கறீங்க? சாரல் அடிக்குமே?"

"அடிக்கும். அடிச்சதும் எண்ணணும். அஞ்சு வரைக்கும் கண்ணாடி நனையும். ஆறுல காத்து பின்வாங்கும். ஏழுல அமுக்கணும். எட்டு ஆச்சா, போச்சு."

"இந்தப் பறவைங்க?"

"அதுங்க ஏழே முக்காலுக்கு முன்னபின்ன வந்து உக்காரும். அதுக்காகக் கொஞ்சம் காக்க வைப்பேன், எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. வெறும் தண்ணியா எடுத்தா வெறிச்சோடிப் போயிடாதா?"

மூச்சக்காவுக்கு அவரிடம் பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவர் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். "தகட்டுக்கு" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது கணவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். மகள்தான், "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் அறையில் போய் உட்கார்ந்தாள். கொண்டுபோன படத்தில் எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் அவர் பார்த்தார். "பிரமாதம். பிரச்சினை தீர்ந்தது," என்றார். எழுந்து போய்விடலாம். கதவு நாலடி தூரம்தான்.

"சார், கேமராதான் என்னுது. படம் நான் எடுக்கல."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "கேமரா உங்களது, வேற யாரும் கேக்கவும் போறதில்ல. ஏம்மா தலைவலியை இழுத்துவிடறீங்க?"

அவள் காவலாளியின் பெயர் எழுதிய காகிதத்தை நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக்குங்க, அப்புறம் பித்தளையில மாத்த முடியாது," என்றார்.

புதன்கிழமை காவலாளி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேச்செல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் படத்தின் முன்னாலேயே நின்றார். "ஆறுலயே அமுக்கிட்டேன்போல. இந்த மூலையில லேசா நனைஞ்சிருக்கு பாருங்க," என்றார். இத்தனை நாளில் அந்த மூலையை வேறு யாரும் கவனித்ததில்லை. சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. பெரிய டாக்டர் அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டு, சீட்டு எழுதி எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்.

மூச்சக்கா அவரைப் பலகையோடு சேர்த்து நிறுத்தினாள். ஓரத்தில் பதினேழை வைத்தாள். "மூச்சை நல்லா இழுங்க, அடக்குங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடக்கிவிட்டார், அசையாமல் நின்றார். அவள் அமுக்கினாள்.

"ம், விடலாம்."

நெஞ்சு சுத்தமாக இருந்தது; வெறும் ஈரக்காற்று இருமல்தான். அவர் திரையில் தன் விலா எலும்புகளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இதுல யாரு பேரும்மா வரும்?"

"மேல உங்க பேரு. ஓரத்துல என் நம்பர்."

"அப்ப இதை எடுத்தது நீங்க."

"ஆமா," என்றாள் மூச்சக்கா. "இதை நான்தான் எடுத்தேன்."