முதிரை இலை

நாங்கள் குடியேறிய வெளிநாட்டுப் புறநகரான பொயிண்ட் குக்கில் எங்கள் எதிர்வீடு யாழ்ப்பாணத்து ஆன்ட்டியுடையது. நான் வேலைக்குப் போகும் நாட்களில் இரண்டு வயது மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் என் வேலை அவ்வளவுதான்.

ஆன்ட்டியின் உயிர் ஹாலில் இருக்கும் ஒரு சின்ன மேசை. எந்தக் காலத்திலோ இங்கிலாந்தில் செய்தது, ஏலத்தில் எடுத்தது. மஹோகனிப் பலகையில் வேறு வேறு மரங்களின் மெல்லிய துண்டுகளைப் பதித்துப் பூங்கொடி செய்திருக்கிறார்கள். தண்டு கருங்காலி. மஞ்சள் இலைகள் முதிரை. இரண்டும் ஆன்ட்டியின் நாட்டு மரங்கள்.

"செய்தது வெள்ளைக்காரன். மரம் எங்கட," என்பார். "எங்கட மரத்தை நானே காசு குடுத்து வாங்கியிருக்கிறன், பாரும்."

அன்று மாலை மகளை அழைத்துவரப் போனேன். எனக்காகக் கறிவேப்பிலை பறிக்க ஆன்ட்டி பின்பக்கம் போன நேரம், மகள் மூடிய கையை நீட்டினாள். உள்ளே ஒரு மஞ்சள் இலை, ஒரு முனை மட்டும் கறுத்தது.

முதலில் அவள் வாயைத் திறந்து பார்த்தேன். இன்னொன்றைத் தின்றிருந்தால்? மேசையில் ஒரு குழிதான் காலி. சொன்னால் நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால் நான் என்ன அம்மா? அவசரமாகப் போனில் தேடினேன். பழைய சாமான்களில் இன்றைய பசை கூடாது, தண்ணீரில் கரைவதுதான் நல்லது என்றிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் லேபிள் எதை வைத்து ஒட்டினேன்? சமையலறைக்கு ஓடி, ரைஸ் குக்கரிலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கி, இலையை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"என்ன பிள்ளை, மேசையில கையூண்டிக்கொண்டு நிக்கிறீர்?"

"சும்மா, ஆன்ட்டி. எவ்ளோ அழகா இருக்கு!"

"அம்மா டேபிளுக்கு மம்மு குடுத்தா!" என்றாள் மகள்.

ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் விரலை அவரே எடுத்து அப்பால் வைத்தார்.

"ஸாரி ஆன்ட்டி, பாப்பா தெரியாம பிச்சுட்டா. இல்ல, நான்தான் பாத்திருக்கணும்..."

"அது கிடக்கட்டும். மற்ற இலையளைப் பாரும். கறுத்த முனை தண்டோட நிக்குது. நீர் ஒட்டினது தலைகீழ். படிச்ச பிள்ளைக்கு இலை எந்தப் பக்கம் முளைக்கும் எண்டு தெரியாதே?"

நகத்தால் இலையைக் கிளப்பித் திருப்பி வைத்தார். சோற்றை மட்டும் குறை சொல்லவில்லை.

"நாளைக்குப் பாப்பாவ..." என்று இழுத்தேன்.

"ஓம், கொண்டு வாரும். பிள்ளை உள்ள வரலாம். நீர் வாசலோட நிண்டு குடுத்திட்டுப் போம்."